முள் முறிந்த விவரம்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். உங்கள் ரெக்கார்டு பிளேயரும் இப்போது நலம். ‘இப்போது’ என்பதைப் படித்ததும் உங்களுக்குப் பகீரென்றிருக்கும். அதற்கு முதல் மன்னிப்பு. தயவுசெய்து முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படவும்.

மாற்றலாகிப் போகும்போது அதை என் அறையில் வைத்து, “தூசி மட்டும் தட்டு, ஓட்டாதே. நான் வர்றவரைக்கும் பத்திரமா வெச்சிருந்தா இது உனக்குத்தான்” என்று சொன்னீர்கள். ஐந்து மாதம் அப்படியே செய்தேன். போன மாதம் பரீட்சை முடிந்த கையோடு, பூதக்கண்ணாடி வைத்து பிளேயரின் நீளக் கையின் நுனியை அடியிலிருந்து பார்த்தேன். இசைத்தட்டில் ஓடும் முள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. முந்தின நாள் அங்கே துணியால் துடைத்தவள் நான்தான். ஆகவே முறித்தவளும் நானே. இதற்கு இரண்டாவது மன்னிப்பு. நானும் அம்மாவும் அறை முழுக்கத் தவழ்ந்து தேடினோம். அம்மாவின் தொலைந்துபோன கம்மல் கிடைத்தது, என் பழைய பல் ஒன்று கிடைத்தது, முள் மட்டும் கிடைக்கவில்லை. “சின்ன வயசுல அவன் பென்சிலை ஒடிச்சதுக்கே ஒரு வாரம் என்கூடப் பேசலை” என்று அம்மா வேறு சொல்லிவிட்டார். இனிமேல் நீங்கள் என்னை நம்பி ஒரு அழிரப்பர்கூடத் தர மாட்டீர்கள் என்று நினைத்து அன்று நான் சாப்பிடவில்லை. (மாலையில் சாப்பிட்டேன்.)

ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் போனோம். இந்த மாடலுக்கு முள் மட்டும் தனியாக இப்போது வருவதில்லை, கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும் என்றார். முள்ளைத் தாங்கிக்கொண்டு அதன் அசைவை மின்சாரமாக்கும் சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ் என்பது உங்களுக்குத் தெரியும். என் தோளுக்கு மேலாக இதைப் படித்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்காக எழுதுகிறேன். ரிப்பேர்க்காரர் கண்ணாடி மேஜைமேல் இரண்டு கார்ட்ரிட்ஜ்களை எடுத்து வைத்தார். நான் நூலகப் புத்தகத்தில் நான்கு பக்கம் புகழ்ந்திருந்த ஒன்றை உடனே காட்டினேன். “புத்தகம் சொல்றது சரிதான் பாப்பா. ஆனா உங்க மாமா மெஷினோட கை அந்தக் காலத்துக் கை, நல்ல கனம். இந்த முள்ளு ரொம்ப மெத்து. தட்டு லேசா நெளிஞ்சிருந்தாப் போதும், கை குதியாட்டம் போடும்” என்றார். விறைப்பான முள்ளுடைய மற்றதை வாங்கினோம். அதைப் பற்றிப் புத்தகத்தில், ‘பழைய, கனமான கைகளுக்கு ஏற்றது’ என்று ஒரே வரிதான் இருந்தது. அந்த வரியை நான் படிக்காமல் தாண்டியிருக்கிறேன்.

தலைமுடி போன்ற நான்கு வண்ணக் கம்பிகளையும் அப்பாதான் இடுக்கியால் மாட்டினார். அதுவரை எல்லாம் சரி. முள் தட்டின்மேல் இரண்டு கிராம் அழுத்த வேண்டும் என்று கார்ட்ரிட்ஜோடு வந்த தாளில் போட்டிருந்தது. அப்பா மருந்துக்கடைக்காரர் அல்லவா? புது மருந்தை எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுக்கக் கூடாதென்று, கடைத் தராசைக் கொண்டுவந்து அரை கிராமில் ஆரம்பித்தார். முள் ஒரே வழுக்கில் தட்டின் நடுவுக்குப் போய்விட்டது. அம்மா எட்டிப் பார்த்து, “நோயாளி என்ன சொல்றாரு?” என்று கேட்டார். அப்பா சிரிக்காமல் ‘ஒவ்வாமை’ என்று நோட்டில் குறித்துக்கொண்டு, இரண்டு நாள் இடைவெளி விட்டு முக்கால் கிராம் கொடுத்தார். ஒரு கிராமை எட்டியபோது உங்கள் இசைத்தட்டு ஒன்றில் முதல் பாட்டின் மேலேயே கீறல் விழுந்துவிட்டது. இதற்கு மூன்றாவது மன்னிப்பு. பிறகு ரிப்பேர்க்காரருக்குப் போன் செய்தோம். அவர் எங்கள் அளவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், “சார், பயந்து பயந்து லேசா வெச்சாத்தான் தட்டு கெடும். முள்ளு பள்ளத்துல பதியாம அடிச்சுக்கிட்டே போகும். ரெண்டுன்னா ரெண்டு கிராம் வைங்க” என்றார்.

வைத்தோம். மாமா, பாட்டுக்கு முன்னால் பாடகர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இனி நீங்கள் பிளேயரைத் திருப்பி எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஒழுங்காகப் பாடுகிற நிலையில்தான் கொடுப்பேன்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் உடம்பையும், முடிந்தால் கோபத்தையும் பார்த்துக்கொள்ளவும்.

பணிவுடன்,
உங்கள் மருமகள்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் நீங்களே போன் செய்து அம்மாவிடம் பேசினீர்கள். ஊருக்குப் போக மூட்டை கட்டும்போது முள் உங்கள் கையால்தான் முறிந்ததாம். அதை என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் ‘ஓட்டாதே’ என்றீர்களாம். ஆகவே மேலே உள்ள மூன்று மன்னிப்புகளில் முதல் இரண்டையும் அடுத்த தபாலில் திருப்பி அனுப்பிவிடவும். மூன்றாவது அப்பாவுடையது, அதை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.