கூட்டிச் சொல்லுங்க

"ஆறு லட்சமுங்க" என்று கந்தப்பன் சொன்னதும், வீடு பார்க்க வந்தவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொண்டார். விலையைக் கேட்டா, காபியைக் குடித்தா என்று கந்தப்பனுக்கே விளங்கவில்லை. காபியும் அவரே போட்டதுதான்.

மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மகளின் பிரசவத்துக்கு உடுமலைப்பேட்டை போன மனைவி நாச்சியம்மாள் அங்கேயே தங்கிவிட்டாள். "பீளமேட்டு ஊட்டை வித்துப்போட்டு வந்துருங்க. இங்க பக்கத்துலயே ஒண்ணு பாத்துக்கலாம்" என்று போனில் சொன்னாள். அன்றிலிருந்து மெஸ் சாம்பாரும் தனிமையுமாக, என்ன விலை சொல்வது என்பதையே யோசித்துக் கிடந்தார்.

கூட்டிச் சொன்னால் ஓடுகிறார்கள். குறைத்துப் பார்ப்போம் என்று, அடுத்து வந்தவரிடம் நாலு என்றார்.

"நாலுதானுங்களா? வில்லங்கம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"கெணத்துல ஆராச்சும் உளுந்து..."

"கெணறே இல்லீங்க."

"அப்பறம் எதுக்குங்க நாலு?" என்றவர், சமையலறை மூலையை ஒருமுறை பார்த்துவிட்டு வேகமாக வெளியேறினார்.

இனி விலையே சொல்வதில்லை என்று கந்தப்பன் முடிவு செய்தார். மூன்றாவதாக வந்தவர் ஜவுளிக்கடை அப்துல் மஜீத். அவருக்கு வீடு பிடித்துப்போயிற்று.

"நீங்களே ஒரு விலை சொல்லுங்க" என்றார் கந்தப்பன்.

"பொருள் உங்களுதுங்க. நீங்கதான் சொல்லோணும்."

"வாங்கறவங்க வாயால வந்தா நல்லா இருக்குமுங்க."

"பெரியவங்க இருக்கறப்ப நான் என்னத்தைங்க சொல்றது?"

இப்படியே மரியாதை வளர்ந்து பொழுது சாய்ந்தது. "யோசிச்சு வைங்க, ஞாயித்துக்கிழமை வாரேன்" என்று மஜீத் கிளம்பினார்.

மறுநாள் ஒருவர் தானாகவே வந்தார். சுந்தரராஜுலு என்று பெயர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பதாகச் சொன்னார். அறை அறையாகப் பார்த்தார், சுவரைத் தட்டினார், வாசல் நிலைச்சட்டத்தைத் தடவினார்.

"என்னங்க சொல்றீங்க?"

கந்தப்பன் தயங்கி, "அஞ்சுங்க" என்றார்.

சுந்தரராஜுலுவின் முகம் வாடியது. "அநியாயமுங்க. இந்தத் தேக்கு நெலவுக்கு அஞ்சா? கூட்டிச் சொல்லுங்க."

"எவ்வளவுங்க?"

"ஆறரை. ஆரு வந்தாலும் எறங்காதீங்க."

வாங்க வந்த மனிதர் விலையை ஏற்றிவிடுவதைக் கந்தப்பன் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. மனம் நெகிழ்ந்துவிட்டது. உடனே உடுமலைக்குப் போன் போட்டார்.

"நாச்சி, தங்கமான மனுசன் ஒருத்தர் கெடைச்சிருக்காரு. ஆறரை தேறும்."

"வெலை கெடக்குதுங்க. நீங்க எப்ப வாறீங்க?"

அதற்குப் பதில் சொல்ல நினைத்தார். ஆனால் ஆறரை என்ற சொல்தான் வாயில் திரும்பத் திரும்ப வந்தது. இரவில் படுத்தபோது, அவள் குரல் மெலிந்திருந்ததோ என்று தோன்றியது.

ஞாயிறு காலையில் மஜீத் வந்தார். "கூச்சத்தை உட்டுச் சொல்லிப்போடறேனுங்க. அஞ்சு தாரேன். ஒரு கால் வேணா சேத்திக்கலாம்."

போன வாரமாக இருந்தால் கந்தப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். "ஆறரைங்க" என்றார்.

"நான் அவ்வளவு பெரிய ஆளில்லீங்க" என்று மஜீத் செருப்பை மாட்டினார். வாசல்வரை போய்த் திரும்பியும் பார்த்தார். கந்தப்பன் இறங்கவில்லை.

சாயங்காலம் சுந்தரராஜுலு வந்தபோது, வெற்றிலைத் தட்டு தயாராக இருந்தது.

"எறங்கலீங்களே?" என்றுதான் முதலில் கேட்டார்.

"உங்க பேச்சைத் தட்டுவனுங்களா? பாய்கிட்டயும் ஆறரைதான் சொன்னேன். உக்காருங்க, முடிச்சுக்கலாம்."

"என்னத்தைங்க?"

கந்தப்பன் வாய் திறப்பதற்குள் சுந்தரராஜுலுவின் மனைவி வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, இங்கயா உக்காந்திருக்கீங்க? வெரசா வாங்க. அந்த ஜவுளிக்கடை பாய் நம்ம ஊட்டுக்கு அட்வான்சோட வந்திருக்காருங்க. 'அங்க ஆறரை சொல்றாங்க, உங்களுது அஞ்சரைன்னா சல்லிசுதான்'ங்கறாரு."