ஹெல்மெற்றுக்குள் அழியும் திருநீறு

சண்டிலிப்பாய்,
வெள்ளிக்கிழமை.

என்றும் என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மீனாம்பிகை அக்கா அவர்களுக்கு,

தம்பி சிவக்கொழுந்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் கமலாவதியும் சிவலைப் பசுவும் ஏதோ இருக்கிறோம். கனடாக் குளிரில் உங்கள் முழங்கால் நோவு கொஞ்சமாவது தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

நிற்க. போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நான் தொடங்கினால் நீங்கள் அழுவீர்கள். நீங்கள் அழுதால் நான் இன்னுமொரு சத்தியம் செய்துவிடுவேன். முதல் செய்ததையே என்னால் தாங்க முடியவில்லை. நான் மோட்டார் சைக்கிள் வாங்கியதை அறிந்து நீங்கள் அனுப்பிய ஹெல்மெற், ஜக்கெற் பெட்டி வந்த அன்று போனில், “உதெல்லாம் போடாமல் படலை தாண்டமாட்டன் எண்டு பிள்ளையார் மேலை சத்தியம் பண்ணடா” என்றீர்கள். அத்தான் வெறுந்தலையோடு விழுந்து மோசம்போனதிலிருந்து உங்களுக்கு மோட்டார் சைக்கிள் என்ற சொல்லே ஆகாது என்பது எனக்குத் தெரியும். அதனால் மறுபேச்சுப் பேசாமல் செய்து தந்தேன். அக்கா, அந்தச் சத்தியத்திலிருந்து என்னை விடுவிக்கவேண்டும். இந்தக் கடிதம் அதற்குத்தான்.

அறுபது வயதில் இதை ஓட்டிப் பழகவேண்டும் என்று எனக்கென்ன ஆசையா? கமலாவதியைத் தெல்லிப்பழைக்குக் கிளினிக்குக் கொண்டுபோகவேண்டும். பஸ் வந்தால் இடமில்லை, சனமில்லாத நேரம் பஸ்ஸே இல்லை. சைக்கிள் பாரில் அவளை ஏற்றின காலம் போய்விட்டது. அதை வாய்விட்டுச் சொன்னதற்கு எனக்கு அன்று மத்தியானம் சோறு கிடைக்கவில்லை. அவளோ, “நீங்கள் நேரா ஓடுறதை என்ரை கண்ணாலை கண்டாப்பிறகுதான் பின்னுக்கு ஏறுவன்” என்று நிற்கிறாள். நேராக ஓட நீங்கள் அனுப்பிய சாமான்கள் விட்டால்தானே!

முதலில் ஜக்கெற். உள்ளே கம்பளி வைத்துத் தைத்திருக்கிறார்கள். இங்கே சித்திரை வெயிலில் தார் உருகுகிறது, நான் அதற்குள்ளே அவிகிறேன். அதுகூடப் பரவாயில்லை. கமலாவதி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, “இஞ்சாருங்கோ, உது மாட்டுத்தோலெல்லே! சாமியறை இருக்கிற வீட்டுக்கை உதை ஆர் கொண்டரச் சொன்னது?” என்று ஒரு சத்தம். ஜக்கெற் மாட்டுக்கொட்டிலுக்குப் போயிற்று. அங்கே சிவலை அதை ஒருதரம் மணந்து பார்த்துவிட்டுப் பாலை ஒளித்துவிட்டது. பிறகு கொட்டிலுக்கு வெளியே வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். இருட்டில் ஆரோ தூக்குப்போட்டுத் தூங்குகிறான் என்று அயலட்டை ஓடிவந்தது. கையுறைகளும் அதே மாட்டுத்தோல்தான். ஆனால் எலுமிச்சை முள்ளுக் குத்தாமல் தேசிக்காய் ஆயலாம் என்று கண்டதும் அவற்றைக் கமலாவதி எடுத்துக்கொண்டாள். தோல் வீட்டுக்குள் வரக்கூடாதாம், வளவுக்குள் நிற்கலாமாம். எந்த ஆகமத்தில் இருக்கிறதென்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

முழங்கால் கவசத்தை வேட்டிக்கு மேலே கட்டுவதா உள்ளே கட்டுவதா என்று நீங்கள் சொல்லவில்லை. மேலே கட்டினேன். இப்போது காற்சட்டைக்கு மாறிவிட்டேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

இனித்தான் ஹெல்மெற். கன்னம் அமுங்கவேண்டும், தலையை ஆட்டினால் நெற்றித் தோலும் சேர்ந்து ஆடவேண்டும், அதுதான் சரியான அளவு என்றீர்கள். நீங்கள் அனுப்பியது அப்படியே இறுக்கம். காலமை குளித்து முழுகி மூன்று குறி திருநீறு பூசி, அதை மாட்டிக் கழற்றினால் நெற்றியில் ஒன்றுமில்லை. எல்லாம் ஹெல்மெற்றின் பஞ்சில். வியர்வையோடு கொஞ்சம் கண்ணுக்குள்ளும். திருநீறு பூசாத நெற்றியோடு நான் ஒரு நாளாவது வெளியே போயிருக்கிறேனா? இதை உங்களிடம் சொன்னபோது, “அழிஞ்சால் அழியட்டும்” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மனம் நொந்துவிட்டது. கனடாவுக்குப் போய் அக்காவும் மாறிவிட்டாவே என்று நினைத்தேன்.

முகமும் முழுக்க மூடுவதால் ஊரில் ஒருவருக்கும் என்னைத் தெரிவதில்லை. சந்தியில் நின்ற பத்மாவதி மச்சாளைப் பார்த்து நான் உள்ளே வாய்நிறையச் சிரித்தேன். அது அவவுக்கு எப்படித் தெரியும்? “மோட்டச்சைக்கிள் வாங்கினவுடனை சொந்தத்தைத் தெரியேல்லையாம்” என்று கோயிலடி முழுக்கச் சொல்லித் திரிகிறா.

ஆகவே யாழ்ப்பாண ரவுணுக்குப் போய் நானே ஒன்று தெரிந்தெடுத்தேன். கடைக்காரர் என் தலையை அளந்து ஒன்றைத் தந்தார். நான் திருநீறு படாத அளவில் வேண்டும் என்றேன். “ஐயா, அது தலைக்குப் போடுற சாமான், பானைக்கு மூடியில்லை” என்றார். நான் கேட்கவில்லை; இருந்ததிலேயே பெரியதை, முகம் திறந்து தெரிகிறதை, வாங்கி வந்தேன். எந்த ஹெல்மெற் என்று சத்தியத்தில் சொல்லவில்லைத்தானே! திருநீறு அழியவில்லை. ஆனால் நான் வலப்பக்கம் திரும்பினால் ஹெல்மெற் நேரே பார்க்கிறது. குலுக்கலில் அது முன்னுக்குச் சரிந்தால் எனக்கு உலகமே இல்லை. நேற்று அப்படி உலகமில்லாத ஒரு கணத்தில் பத்மாவதி மச்சாளின் கிடுகுவேலிக்குள் போய்விட்டேன். எனக்கொன்றுமில்லை. ஹெல்மெற் கழன்று உருண்டுபோய் அவவின் கட்டில்லாக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. மச்சாள் பார்த்துக்கொண்டே நின்றா, தூக்கிவிட வரவில்லை.

அக்கா, நான் களைத்துப்போனேன். உடுத்து முடிக்கவே களைக்கிறது, பிறகெங்கே ஓடுவது? என்னைப் பழையபடி நெற்றியில் காற்றுப்பட விடுங்கள். “தம்பி, சத்தியத்தை எடுத்துவிட்டேன்” என்று ஒரு வரி எழுதினால் போதும். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன், கையுறை தவிர.

உங்களுக்குப் பிள்ளையார் நீண்ட ஆயுளும் நோவில்லாத முழங்காலும் தரட்டும். கமலாவதி தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். சிவலை சார்பில் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
சிவக்கொழுந்து

பி.கு.: இன்று ஞாயிறு. எழுத்துக் கோணலாக இருக்கும், இடக்கையால் எழுதுகிறேன். நேற்று இந்தக் கடிதத்தைத் தபாலில் போட வெளிக்கிட்டேன். பெரிய ஹெல்மெற் கிணற்றில், சத்தியமோ இன்னும் தலையில். வேறு வழியில்லாமல் நீங்கள் அனுப்பிய இறுக்கமானதையே திட்டித் திட்டி மாட்டினேன். ஜக்கெற்றும் முழங்கால் கவசமும் போட்டேன். கையுறை தேசிக்காய் மரத்தடியில் கிடந்தது.

பிள்ளையார் கோயிலடியால் போகும்போது கையெடுத்துக் கும்பிடாமல் போகலாமோ? சைக்கிளில் நாற்பது வருசம் எடுத்த கை, தன்பாட்டில் எழும்பிவிட்டது. அவ்வளவுதான் அக்கா. சல்லிக்கல்லில் சறுக்கி மதகில் தலை மோதின சத்தம் பத்மாவதி மச்சாளின் குசினிவரை கேட்டதாம். “ஐயோ, ஆரோ ஒரு பெடியன் விழுந்திட்டான்!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தா. ஹெல்மெற்றின் முகமூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “உது எங்கடை மச்சானெல்லே!” என்று ரோட்டிலேயே இருந்து அழுதா. இப்போது மூன்று நேரமும் எனக்குச் சாப்பாடு அவ வீட்டிலிருந்துதான் வருகிறது.

ஹெல்மெற் இரண்டு இடத்தில் வெடித்துவிட்டது. தெல்லிப்பழையில் டொக்டர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது வெடிச்சபடியாத்தான் உங்கடை தலை வெடிக்கேல்லை, வீட்டை போங்கோ ஐயா” என்றார். உரிந்தது உள்ளங்கை மட்டும். கமலாவதி கையுறையைக் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்தாள். கிழிந்த ஜக்கெற்றைத் துடைத்து, வீட்டுக்குள்ளே, என் வேட்டி தொங்குகிற ஆணியில் கொழுவினாள்.

ஆகவே மேலே எழுதியதொன்றையும் கணக்கில் எடுக்கவேண்டாம். சத்தியம் அப்படியே இருக்கட்டும்.

அக்கா, கட்டிலில் கிடக்கும்போது எனக்கு அத்தானைக் கொண்டுவந்து கிடத்தின நாள் ஞாபகம் வந்தது. கோயிலால் வரும்போது விழுந்தவர். போடாத ஹெல்மெற் மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கியது. நெற்றியில் திருநீறும் சந்தனமும் ஒரு கீறல்கூட அழியாமல் இருந்தன. நீங்கள் ஏன் “அழியட்டும்” என்றீர்கள் என்று இப்போதுதான் விளங்குகிறது. என்னை மன்னியுங்கோ அக்கா.

அதே அளவில், அதே இறுக்கத்தில் இன்னுமொன்று அனுப்புங்கோ. கறுப்பாய் இருக்கட்டும். கமலாவதி வெள்ளைப் பெயின்ற் வாங்கி வைத்திருக்கிறாள், ஹெல்மெற்றின் நெற்றியில் மூன்று குறி கீறுவதற்கு. அது அழியாதாம். ஊருக்கும் என்னை அடையாளம் தெரியுமாம்.