ஆறு நாடுகளும் ஒரு பேரிங்கும்

"குட்டி, நாளைக்காவது ஃபேக்டரியைத் திறப்பாங்களா?" அண்ணன் போனில் இதைக் கேட்பது காலையிலிருந்து நான்காவது முறை.

"பேசிக்கிட்டே இருக்கோம்ணா. ஆறு நாடும் ஒத்துக்கணும்ல?"

"உன் அண்ணியும் நானும் ஒத்துப்போகவே இருபது வருஷம் ஆச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வர்த்தகத் துறை அதிகாரியான அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. சமாச்சாரம் என்னவோ சுண்டு விரல் நுனியளவு பேரிங். அது இல்லாமல் பம்பு ஓடாது. உலகத்துக்கே அதைச் செய்துகொண்டிருந்த பெரிய நாடு, ஏதோ கோபத்தில் இந்த ஆறு நாடுகளுக்கு மட்டும் அனுப்புவதை நிறுத்திவிட்டது. அண்ணன் வேலை பார்க்கும் பம்பு ஆலை மூன்று வாரமாகப் பூட்டிக் கிடந்தது. இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், அப்புறம் ஒரேயடியாக மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஆறு நாடுகளும் கூடிப் பேசிய ஏரிக்கரை மண்டபத்தின் கண்ணாடிகளில் பனி அப்பியிருந்தது. எதிர் வரிசைப் பிரதிநிதிகள் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல் மெல்ல வாயசைத்தார்கள். காதுக்குள் மொழிபெயர்ப்பாளரின் குரல் தாலாட்டியது. மூன்று நாள் களைப்பில் அந்தப் பெண் ஏட்டுத் தமிழைக் கைகழுவிவிட்டு வீட்டுப் பேச்சுக்கு வந்திருந்தாள்.

முதல் நாள், "ஒருத்தரையே நம்பிக் கிடக்க வேணாம். அதுக்காக யாரையும் தடுக்கவும் வேணாம், சந்தை திறந்தே இருக்கட்டும். அவங்கவங்க வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று முடிவானது. ஆறு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் தேடி, பேரிங் விற்கும் ஒரே குட்டித் தீவைப் பிடித்தார்கள். மாலைக்குள் விலை இரட்டிப்பானது.

மறுநாள், "அடிச்சுக்காம சேந்தே வாங்குவோம்" என்றார்கள். ஆர்டரின் அளவைப் பார்த்து விலை இன்னும் ஏறியது.

பயந்துபோய், "அவசரத்துக்கு ஆளுக்கொரு கிடங்கு நிரப்பி வச்சுக்குவோம்" என்றார்கள். வரப்போகும் சரக்கு கிடங்குகளுக்கே போதவில்லை. ஆலைகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"கிடங்குக்கு வர்றதுலேர்ந்து கொஞ்சம் எடுத்துக் குடேன்" என்றார் அண்ணன் போனில்.

"அவசரத்துக்குத்தான் எடுக்கணுமாம்ணா."

"அப்ப நான் வீட்ல உக்காந்து என்ன விடுமுறையா கொண்டாடுறேன்?"

மூன்றாம் நாள் மதியம் தீவின் பிரதிநிதியையே வரவழைத்தார்கள். பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு படகு வந்தது. சட்டையெல்லாம் பசைக்கறையாக, அப்பாவி முகத்தோடு ஒருவர் இறங்கினார். ஆறு நாடுகளும் எழுந்து நின்றன. அவளுக்கு அவரைக் கும்பிடவே தோன்றியது.

"ஐயா, எத்தனையோ குடும்பம் உங்களைத்தான் நம்பியிருக்கு. இந்த வாரமே ரெண்டு பங்கா அனுப்ப முடியாதா?" என்று கேட்டாள்.

அவர் தயங்கித் தயங்கி ஏதோ முணுமுணுத்தார். மூன்று நாளில் முதல் தடவையாக மொழிபெயர்ப்பாளரின் குரல் நின்றது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்:

"ஆள் பத்தலைங்கிறாரு. பழைய லேபிளைக் கிழிச்சுப் புதுசு ஒட்ட மொத்தமே பன்னெண்டு பேர்தானாம். அந்தப் பெரிய நாடு அனுப்புற வேகத்துக்கு இவங்களால ஒட்டி முடியலையாம்."