நான் வாசித்த காற்றுக் கணக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அங்கே நலமா என்று கேட்கலாமென்றால், அங்கே என்பது பக்கத்து அறை. பழக்க தோஷத்தில் உறையில் தபால்தலை வேறு ஒட்டிவிட்டேன். ஒட்டின பிறகுதான் உறைத்தது. தண்ணீர் தொட்டுப் பிய்க்கப் போய் உறையே கிழிந்து, இப்போது வெறும் தாளாக உன் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். நேரில் சொல்ல முகமில்லை.

விஷயம் அந்தப் பல் டாக்டர் கார். உன் பட்டறைக்கு வந்த முதல் சூப்பர்சார்ஜர் வண்டி. எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொன்னதுதான்: அது எஞ்சினுக்குள் காற்றை அடித்துத் திணிக்கும், எவ்வளவு காற்று போகிறதென்று சென்சார் சொல்லும், அந்த எண்ணை நம்பித்தான் பெட்ரோல் அளவை நீ அமைப்பாய், எண் தப்பினால் வண்டி தள்ளாடும். பதிவு பண்ணுகிற சாஃப்ட்வேர் மக்கர் பண்ணவே, லேப்டாப்பை என் மடியில் வைத்து, "நான் எஞ்சின் வேகத்தைச் சொல்வேன், நீங்க திரையில இருக்கற காத்து எண்ணைச் சத்தமாப் படிங்கப்பா, போன்ல பதிவாகிடும், அவ்ளோதான்"னே. அவ்ளோதானாம்! காலி ரோட்டுல நீ ஒரு மிதி மிதிச்சே பாரு, என் வயிறு பின்சீட்டுக்குப் போயிடுச்சு, சூப்பர்சார்ஜர் ஒரு பக்கம் ஊளையிட, நான் ஒரு பக்கம் ஊளையிட, பயத்துல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். நீ "மூவாயிரம்!"ங்கறே. சும்மா இருந்தா மானம் போயிடுமேன்னு "எண்பது"ன்னேன். "நாலாயிரம்!" "நூறு." "அஞ்சாயிரம்!" "நூத்தி இருபது." பத்தாங்கிளாஸோட நின்னவனுக்கு இருபது இருபதாக் கூட்டத்தான் வரும். அதைப் போட்டுக் கேட்டுட்டு நீ, "எவ்ளோ சீரா ஏறுது பாருங்கப்பா!"ன்னு பூரிச்சுப் போனே. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன், என்னமோ நானே காத்தை ஊதி அனுப்பின மாதிரி.

அந்த எண்ணை நம்பி நீ சரிபண்ணிக் கொடுத்த வண்டி, மெதுவா மிதிச்சா விக்கல், அழுத்தி மிதிச்சா தும்மல், சிக்னலுக்கு சிக்னல் மயக்கம். டாக்டர் கொண்டுவந்து விட்டுட்டு, "மரத்துப்போற ஊசி போடாம பல்லைப் புடுங்கினாக்கூட யாரும் இப்படித் துள்ள மாட்டாங்கம்மா. சனிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா வேற இடம் பாத்துக்கறேன்"னு போயிட்டார். நீ சாப்பிடாம உட்கார்ந்து, "எனக்கு இது கை வரலைப்பா, பட்டறையை மூடிட்டு பழைய ஆபீஸுக்கே போயிடறேன்"னே. நான் தொண்டையைச் செருமிக்கிட்டு, "தண்ணி வேணுமாம்மா?"ன்னேன். அந்த நேரத்துல சொல்ற பேச்சா அது? நினைச்சா இப்பவும் கூசுது.

உன் கையில் ஒரு குறையும் இல்லை. குறை என் கண்ணில். பட்டறையை மூடாதே. நான் சொன்ன எண்களையெல்லாம் அழித்துவிட்டு, வேறு ஒரு தைரியசாலியை உட்கார வைத்து மறுபடி அளந்து பார். உன் அம்மாவைக் கேள். என்னைக் கட்டிக்கொண்டவள், இதற்கா பயப்படப் போகிறாள்?

நீயும் உன் பட்டறையும் விக்கல் இல்லாமல் நெடுந்தூரம் ஓட ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கண்ணை மூடிய அப்பா

பி.கு.: பயத்தில் கண்ணை மூடினேன் என்று மேலே எழுதியது பொய். கண் நல்லாத் திறந்துதான் இருந்தது, திரைப் பக்கம்தான் போகலை. புகுந்த வீட்டை விட்டு நீ இங்கே திரும்பி வந்தப்புறம் வாய்விட்டுச் சிரிச்சு நான் பார்த்ததில்லை. அன்னிக்கு ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அப்படிச் சிரிச்சே. "ஆறாயிரம்!"னு நீ கத்தினப்ப, இப்படியே ஓட்டிக்கிட்டே இரும்மான்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். நூத்தி நாப்பதுன்னு சொல்லிட்டேன்.