உதட்டைக் கடிக்காதீங்க

கீழுதட்டின் உட்புறத்தில் இருந்த பட்டாணி அளவுக் கட்டியை வெட்டி எடுத்துத் தையல் போட்டாகிவிட்டது. பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை, சாதாரணச் சதைக்கட்டி என்றே வந்தது. ஆனால் தையல் பிரிக்கிற அன்று டாக்டர் சொன்னதுதான் நம் தையல்காரரைப் பிடித்துக்கொண்டது.

"கோபம் வந்தா உதட்டைக் கடிச்சுக்குவீங்களா? அப்படிக் கடிச்சுக் கடிச்சுத்தான் இது வந்திருக்கு. இனிமே கடிக்காதீங்க, திரும்ப வந்துடும்."

கடிக்கக் கூடாதென்றால் மனதில் பட்டதைச் சொல்லித்தான் தீர வேண்டும் என்று மனுஷர் தானாகவே முடிவு கட்டிவிட்டார்.

மறுநாளே கடை முதலாளி ஒரு கோட்டுக்கு அளவைத் தப்பாக எடுத்தார். வழக்கமாக உதட்டைக் கடித்துக்கொண்டு பிரித்துத் தைப்பவர், டேப் பிடிக்கத் தெரியாதவருக்குக் கடை எதற்கு என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்டுவிட்டார். கூப்பிடும்போது வந்தால் போதும் என்று முதலாளி அனுப்பிவைத்தார்.

விஷயம் தெரிந்து மனைவியின் அண்ணன் வந்தார். முதலாளி தனக்கு வேண்டியவர்தான், தானே பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். நீங்கள் பேசினால் ஒட்டிக்கொண்டிருக்கிற வேலையும் போய்விடும் மச்சான் என்றார் இவர். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"எங்கண்ணன் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணாரு?" என்றாள் மனைவி.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து உன்கிட்ட வாயை மூடிக்கிட்டு இருந்துதான் எனக்குக் கட்டியே வந்துது."

சொன்ன நிமிஷமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் முகம் சுண்டிப்போய் உள்ளே போனாள். அதோடு பேச்சு நின்றது.

சமாதானம் செய்யப் போய், "சொன்னது நெசந்தான், ஆனா சொல்லியிருக்கக் கூடாது" என்றார். அதன்பிறகு அவர் இருக்கும் அறைக்கே அவள் வருவதில்லை. பேச்சுச் சத்தம் இல்லாத வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாவற்றையும் பழையபடி கடித்தே விழுங்கியிருக்கலாம், இன்னும் பத்துக் கட்டி வந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

கடைசியில் டாக்டர் வாயாலேயே அவளுக்குச் சொல்ல வைக்கலாம் என்று கெஞ்சிக் கூட்டிப்போனார். புண் நன்றாக ஆறிவிட்டது என்றார் டாக்டர்.

"அதை விடுங்க டாக்டர். நீங்க சொல்லித்தான் நான் பேசினேன்னு இவகிட்ட சொல்லுங்க. தப்பு என்னோடதுதான். ஒரு வார்த்தை திட்டினாக்கூடப் போதும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வலியில் முகத்தைச் சுளித்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸ் கையை மெல்ல விலக்கி, உதட்டைப் பிரித்து, டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"டாக்டர், இவங்க கட்டி சாரோடதைவிட ரெண்டு மடங்கு இருக்கு."