சுற்றறிக்கை எண் நாற்பத்தேழு

இந்த வீட்டில் இனி ஒரு கரப்பான்பூச்சிகூட நடமாடக் கூடாது என்று அன்று காலை முடிவெடுத்தேன். முடிவுக்குக் காரணம் என் காபியில் மிதந்துகொண்டிருந்தது. பாதி குடித்த பிறகுதான் பார்த்தேன்.

நான் வாய்ச்சொல் வீரன் இல்லை. எழுத்து வீரன். அலுவலகத்தில் சுற்றறிக்கைப் பிரிவுக்கு நான்தான் தலைமை எழுத்தர். 'குழாயை மூடவும்' என்பதை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதுவேன். அதைப் படித்து முடிப்பதற்குள் தொட்டி காலியாகிவிடும், அது வேறு விஷயம். வீட்டிலும் அதே முறைதான். சொன்னால் யாரும் கேட்பதில்லை. எழுதி ஒட்டினாலும் கேட்பதில்லை, ஆனால் ஒட்டியிருப்பதைப் பார்க்க எனக்கு ஒரு தெம்பு. ஃபிரிட்ஜ் கதவில் இதுவரை நாற்பத்தாறு ஒட்டியிருக்கிறேன்.

நாற்பத்தேழாவதற்குச் சாதாரண வார்த்தை போதாது. 'கொல்க' என்றால் சப்பென்று இருக்கிறது. 'ஒழிக' என்றால் ஊர்வலத்தில் கத்துகிற மாதிரி இருக்கிறது. ஆங்கில அகராதியைக் குடைந்து ஒன்றைப் பிடித்தேன். எக்ஸ்டர்பேட்! உச்சரித்தாலே பத்துக் கரப்பான் மல்லாந்து விழும்.

என் மனைவி கீழ்த்தளத்துப் பல் டாக்டரிடம் வரவேற்பாளர். காலையில் படி இறங்கினால் ஆபீஸ், மாலையில் படி ஏறினால் வீடு. ஆங்கிலத்தில் அவள் சுமார்தான் என்பது பல வருடமாக என் அபிப்பிராயம்.

"இது என்னங்க, வாயில நுழையாத வார்த்தை?" என்றாள், நோட்டீஸைப் பார்த்து.

எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. அர்த்தம் கேட்டுவிட்டாள்!

"அது சாதாரண வார்த்தை இல்லம்மா. அடியோட, பூண்டோட அழிக்கறது."

"ஓஹோ. தரையில எண்ணெய் கொட்டினா எக்ஸ்டர்பேட் பண்ணலாமா?"

"சேச்சே! எண்ணெயைத் துடைக்கத்தான் முடியும். இதையெல்லாம் சில்லறை வேலைக்கு எடுக்கக் கூடாது. தோட்டத்துல களையை மேலாகக் கிள்ளினா அது எக்ஸ்டர்பேட் இல்ல. வேரைத் தோண்டி எடுக்கணும். மறுபடி தலைகாட்டக் கூடாது. கொடுமையான வழக்கம், உடம்புக்குள்ள கட்டி, இப்படிப் பெரிய பெரிய சமாசாரத்துக்குத்தான் இது."

"அப்போ கண்ணுல படற கரப்பானை மட்டும் அடிச்சா?"

"அது வெறும் அடி."

"அது குடியிருக்கற இடத்தையும் சேர்த்துத் தூக்கி எறிஞ்சா?"

"சபாஷ்! அதுதான் எக்ஸ்டர்பேட்!"

கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் நான் சொன்ன ஒன்றை அவள் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதே இல்லை.

"அப்போ அதையும் எழுதிடுங்க" என்று அவளே பேனாவை எடுத்துக் கொடுத்தாள். "நாளைக்கு யாராவது அது இதுன்னு சாக்கு சொல்லுவாங்க. விதிவிலக்கு கிடையாதுன்னு கடைசியா ஒரு வரி. கையெழுத்து, தேதி."

எழுதினேன். 'கரப்பான்பூச்சிகளும் அவை குடியிருக்கும் பொருள்களும் எக்ஸ்டர்பேட் செய்யப்படும். இதற்கு விதிவிலக்கு கிடையாது.' கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேட்டை. சமையலறை அலமாரியைக் காலி செய்தேன். ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டேன். தலை வெளியே வரத்தான் நேரமாயிற்று. கட்டிலடி, பரண், செருப்பு அலமாரி எல்லாம் சுத்தம்.

"கூடத்துல பார்த்தீங்களா?" என்றாள்.

"கூடத்துல என்ன இருக்கு? என் சோபாதானே இருக்கு."

"ஆமா, உங்க சோபாதான் இருக்கு."

அந்தச் சோபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒற்றை ஆள் சோபா. ஒரு பக்கம் ஸ்பிரிங் எகிறி நிற்கும். அந்த ஸ்பிரிங்குக்கும் என் முதுகுக்கும் பதினான்கு வருடப் பழக்கம். நான் பேப்பர் படிப்பது, பிஸ்கட் தின்பது, சுற்றறிக்கை யோசிப்பது எல்லாம் அதில்தான். இந்த உலகத்தில் என்னுடையது என்று சொல்ல எனக்கு இருந்தது அது ஒன்றுதான். அதைத் தூக்கிப்போடச் சொல்லி அவள் ஆறு வருடமாகப் போராடினாள். நான் அசையவில்லை. பெரும்பாலும் அதில் உட்கார்ந்தபடியே அசையவில்லை.

அவள் அதைக் கவிழ்த்தாள்.

உள்ளே ஒரு மாநகராட்சி இருந்தது. தாத்தா கரப்பான், பேரன் கரப்பான், பதினான்கு வருடத்துப் பிஸ்கட் தூள். வெளிச்சம் பட்டதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"மருந்து அடிச்சுக்கலாம்மா" என்றேன், பலவீனமாக.

"அது வெறும் அடி" என்றாள்.

"வெயில்ல காய வெச்சா..."

அவள் ஃபிரிட்ஜ் கதவைக் காட்டினாள். என் கையெழுத்து இரண்டு கோட்டோடு மின்னியது.

சோபா படி இறங்கியது. எனக்கு அழுகையே வந்தது. அப்போதுதான் ஒரு சந்தேகமும் வந்தது.

"அது சோபாவுலதான் இருக்குன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு மாசமா தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க சோபாவைச் சுத்தம் பண்ணியிருப்பீங்க. நோட்டீஸ் ஒட்டியிருக்க மாட்டீங்க."

பத்து நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் வாழ்ந்தேன். பதினோராம் நாள் வேலை முடிந்து படியேறும்போது பல் மருத்துவமனைக்குள் எதேச்சையாகப் பார்த்தேன். காத்திருக்கும் அறையில் என் சோபா! புது உறை, புதுப் பஞ்சு, வார்னிஷ். யாரோ ஒரு வீங்கிய கன்னம் அதில் சாய்ந்திருந்தது.

"இது என்ன அநியாயம்? அழிக்கறதுன்னு சொல்லிட்டு!"

"சத்தம் போடாதீங்க, பேஷண்ட் இருக்காங்க. டாக்டருக்கு இங்க ஒரு சோபா தேவைப்பட்டுச்சு. சோபாவுலேர்ந்து கரப்பானை எக்ஸ்டர்பேட் பண்ணோம். நம்ம வீட்டுலேர்ந்து சோபாவை எக்ஸ்டர்பேட் பண்ணோம். பிரயோகம் சரிதானே?"

சரியாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

"நான் கொஞ்சம் உட்காரலாமா?"

"அது பேஷண்டுக்கு மட்டுங்க."

மறுநாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். "பல் வலி, உயிர் போகுது" என்றேன். மனைவி டோக்கன் கொடுத்தாள். சோபாவில் சாய்ந்தேன். ஸ்பிரிங்கைக்கூடச் சரி செய்துவிட்டார்கள், பாவிகள். இருந்தாலும் சொர்க்கம். கண் சொருகும் நேரத்தில் என் எண்ணைக் கூப்பிட்டாள்.

டாக்டர் குட்டிக் கண்ணாடியை என் வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

"நல்ல வேளை வந்தீங்க சார். கடைவாய்ப் பல் உள்ளுக்குள்ள கெட்டுக் கிடக்கு. நரம்பை எக்ஸ்டர்பேட் பண்ணிடணும்."

துள்ளி எழுந்தேன். "அந்த வார்த்தை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க தொழில்ல தினம் புழங்கற வார்த்தை சார். உங்க வீட்டம்மாதானே எல்லாக் கார்டிலயும் டைப் பண்றாங்க?"

வாசலில் நின்றிருந்த மனைவியைப் பார்த்தேன். "அன்னைக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி அர்த்தம் கேட்டியே!"

"நீங்களே சொல்லி, நீங்களே கையெழுத்தும் போட்டா நல்லா இருக்கும்னு தோணுச்சுங்க."

"டாக்டர், எனக்கு வலியே இல்ல! சோபாவுக்காகப் பொய் சொன்னேன்! இந்த ஒரு பல்லை மட்டும் விட்டுடுங்க!"

மனைவி கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து டாக்டர் பார்க்கும்படி விரித்தாள். சுற்றறிக்கை எண் நாற்பத்தேழு. அவள் விரல் கடைசி வரியில் இருந்தது.

வாயைத் திறந்தேன்.