மூக்கா, இஞ்சினா?

வெள்ளவத்தையில் எல்லோரும் கடலைப் பார்த்து நடந்தபோது, ஆகாயத்தை மட்டுமே பார்த்து நடந்த ஒரே மனிதர் எங்கள் பிளேன் அண்ணைதான். அதனால் மூன்று தரம் விளக்குக் கம்பத்தோடும் ஒரு தரம் பாதிரியாரோடும் முட்டியிருக்கிறார்.

மருதானையில் ரேடியோ திருத்தும் கடையில் அவருக்கு வேலை. லொட்ஜில் நானும் அவரும் ஒரே அறை. அவருடைய கட்டிலுக்கடியில், ரேடியோப் பெட்டிகளுக்குள் பொதிந்து வரும் வெள்ளை றெஜிபோமில் செய்த ஒரு குட்டி விமானம் இருந்தது. சண்டைக் காலத்துக் கொழும்பில் தமிழன் பட்டம் விடவே யோசிப்பான். ஆகவே அது வெளியே பறந்ததே இல்லை. மூக்கில் நூல் கட்டி, மேசை ஃபேனுக்கு முன்னால் நிறுத்தி ஆராய்ச்சி நடக்கும். ஃபேன் காற்றுத்தான் இஞ்சின்.

அண்ணையின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: விமானத்தை ஒரே உயரத்தில் பிடித்து வைக்க எது நல்ல வழி? வால் தகட்டை அசைத்து மூக்கைத் தூக்குவதா, இஞ்சின் வேகத்தைக் கூட்டுவதா?

"தம்பி, மூக்கை மட்டும் தூக்கினா முதல்ல ஏறும். பிறகு வேகம் செத்து, தொப்பெண்டு விழும். இஞ்சினை மட்டும் கூட்டினா ஆறுதலா, மெள்ள மெள்ளத்தான் ஏறும். ரெண்டையும் சேத்துப் பிடிக்க வேணும்."

பல் விளக்கும்போதும் இதே பேச்சு. சோற்றுப் பார்சல் பிரிக்கும்போதும் இதே பேச்சு.

ஒரு காலை லொட்ஜைப் பொலிஸ் சோதனையிட்டது. கட்டிலுக்கடியில் குனிந்த பொலிஸ்காரர் நிமிர்ந்தபோது அவர் கையில் விமானம். அடுத்த நிமிடம் நாங்கள் இருவரும் ஜீப்பில்.

ஸ்டேஷனுக்கு ஒரு விமானப்படை அதிகாரியை வரவழைத்தார்கள். அவர் விமானத்தைப் புரட்டிப் பார்த்து, சிங்களத்தில் கேட்டார்: "இதை எப்படி ஒரே உயரத்தில் வைப்பாய்?"

வேறு யாராயிருந்தாலும் "விளையாட்டுச் சாமான், சேர்" என்று அழுதிருப்பார்கள். அண்ணையின் முகம் மலர்ந்தது. தானே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூக்கைத் தூக்கினால் போதும்தானே?" என்றார் அதிகாரி.

"பிழை சேர்! உங்கட பிளேன் விழுந்திடும்!" என்றார் அண்ணை, உடைந்த சிங்களத்தில்.

நான் அண்ணையின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். ஆனால் அதிகாரிக்கு ரோசம் வந்துவிட்டது. ஃபேன் வந்தது, நூல் வந்தது. அதிகாரி தன் கையாலேயே வால் தகட்டை வளைத்துவிட்டார். விமானம் கம்பீரமாக எழும்பி, ஒரு கணம் நின்று, சார்ஜன்ட்டின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் தலைகுப்புற விழுந்தது. சார்ஜன்ட்டைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்க, அதிகாரி என்னைக் காட்டினார். "இவனும் சேர்ந்துதான் செய்தானா?"

அண்ணை ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"இவனோ? முழு மடையன், சேர். ஒரு வருஷமாச் சொல்லியும் மூக்கு எது, வால் எது எண்டு தெரியாது. இவனோட ஒரே அறையில இருக்கிறதே எனக்குப் பெரிய தண்டனை."

என்னை அன்று மாலையே விட்டுவிட்டார்கள். அவர் பதினொரு நாள் கழித்து, மெலிந்து, தாடியோடு வந்தார். விமானம் வரவில்லை.

"மடையன் எண்டு சொன்னதுக்குக் கோவமோ தம்பி?"

"சீச்சீ, இல்லை அண்ணை" என்றேன்.

அந்த வாலை அளந்து, வெட்டி, ஒட்டியவனே நான்தான்.